சென்னையை அலறவிட்ட ‘எம்டன்’: பினாங்கில் கேப்டன் முல்லருக்கு ஒரு டார்பிடோ ஏன் போதவில்லை?

வீட்டில் யாராவது பலே கில்லாடியாக இருந்தால், பெரியவர்கள் அவரை ‘எம்டன்’ என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். நீங்கள் பிரிஞ்சாங்கில் இருந்தால், தேயிலைச் சரிவுகளைத் தாண்டி சிம்பாங் பூலாய் வழியாக இறங்கி வடக்கே போங்கள். சில மணி நேரத்தில் பினாங்கு வந்துவிடும். எம்டன் தன் டார்பிடோக்களால் ஒரு போர்க்கப்பலையே மூழ்கடித்தது அங்கேதான்.

யார் இந்த முல்லர்?

எம்டனின் கேப்டன் கார்ல் ஃபொன் முல்லர். 1873-இல் ஹனோவரில் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி. 1891-இல் கடற்படைக்கு வந்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றியபோது பிடித்த மலேரியா அவரைக் கடைசிவரை விடவே இல்லை.

1913-இல் எம்டன் அவர் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு முதல் உலகப் போர் வெடித்ததும், தனியாக வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்து வணிகக் கப்பல்களைப் பிடித்தார். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய் டாங்கிகள் மீது குண்டு வீசினார். பயந்துபோன மக்கள் பலர் ஊரையே காலி செய்தார்கள். அப்படித்தான் இந்தச் சொல் தமிழுக்கு வந்தது.

டார்பிடோவை நம்ப முடிந்ததா?

தானாக ஓடும் டார்பிடோவை 1866-இல் உருவாக்கியவர் ராபர்ட் வைட்ஹெட். அழுத்தப்பட்ட காற்றில் அது ஓடும். ஆரம்பத்தில் சொன்ன பேச்சைக் கேட்காது. ஆழம் மாறும், திசை மாறும். நீரழுத்தத்தை உணரும் வால்வும் ஓர் ஊசலும் சேர்ந்து ஆழத்தைச் சரிசெய்தன. திசையைக் காக்கும் கைரோஸ்கோப் 1890-களில்தான் வந்தது. 1877-இல் பிரிட்டனின் ‘ஷா’ கப்பல், பெருவின் ‘உவாஸ்கர்’ மீது ஏவிய டார்பிடோ குறி தவறியது.

அதனால் கிட்டப் போய் ஏவுவதுதான் பாதுகாப்பான கணக்கு. ஆனால் ரொம்பக் கிட்டேயும் போகக் கூடாது. டார்பிடோவின் முனையில் இருக்கும் சின்ன விசிறி, தண்ணீரில் கொஞ்ச தூரம் சுழன்ற பிறகே குண்டு வெடிக்கத் தயாராகும். ஏவிய கப்பலே சிதறாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

எம்டனில் இருந்தது இரண்டே டார்பிடோ குழாய்கள். பக்கத்துக்கு ஒன்றாக, நீர்மட்டத்துக்குக் கீழே பொருத்தப்பட்டவை. அவற்றைத் திருப்ப முடியாது. குறி பார்க்க வேண்டும் என்றால் கப்பலையே திருப்பணும்.

பினாங்கு, 1914 அக்டோபர் 28

எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். பிரிட்டிஷ் கப்பல்போலத் தெரிய, போலியாக நான்காவதை நிறுத்தி விடியலில் துறைமுகத்துக்குள் நுழைந்தார் முல்லர். ரஷ்யாவின் ‘ஜெம்சுக்’ நங்கூரமிட்டு நின்றது. அதன் கேப்டன் கரையில் இருந்தார்.

சில நூறு மீட்டர் தூரத்தில் முதல் டார்பிடோ பின்பகுதியைத் தாக்கியது. ஆனாலும் ஜெம்சுக் உடனே மூழ்கவில்லை, திருப்பிச் சுட்டது. குறுகலான அந்த நீரில் முல்லர் கப்பலைத் திருப்பி, மறுபக்கக் குழாயிலிருந்து இரண்டாவதை ஏவினார். ஜெம்சுக் வெடித்துப் பிளந்தது. 89 மாலுமிகள் இறந்தார்கள்.

வெளியேறும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் ‘மூஸ்கே’யையும் பீரங்கியால் மூழ்கடித்தார். பிறகு நின்று, தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்கிக் காப்பாற்றினார். எதிரிகளும் அவரை மதித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏவவே முடியாத டார்பிடோ

12 நாள் கழித்து, நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ எம்டனைப் பிடித்தது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை. முல்லருக்கு மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை, கிட்டப் போய் டார்பிடோ ஏவுவது. ஆனால் குண்டடியில் டார்பிடோ அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆட்களைக் காப்பாற்ற, கப்பலைப் பவளப் பாறையில் ஏற்றினார். அவருடைய ஆட்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள்.

மால்டாவிலும் இங்கிலாந்திலும் கைதியாக இருந்தார். 1917-இல் முகாமிலிருந்து தப்பிப் பிடிபட்டார். 1918-இல் ஊர் திரும்பினார். புத்தகம் எழுதச் சொன்னவர்களுக்கு மறுத்துவிட்டார். தோழர்களின் ரத்தத்தைக் காசாக்க அவருக்கு மனமில்லை. 1923 மார்ச் 11 அன்று, 49 வயதில் இறந்தார்.

டார்பிடோவின் கதை அதோடு முடியவில்லை. 1941 டிசம்பர் 10 அன்று, உங்கள் பகாங் மாநிலத்தின் குவாந்தான் கடலில், ஜப்பானிய விமானங்கள் வீசிய டார்பிடோக்கள் பிரிட்டனின் இரண்டு பெரும் போர்க்கப்பல்களை மூழ்கடித்தன. அதில் மட்டும் சுமார் 840 பேர் இறந்தார்கள். அடுத்த முறை பினாங்கு போனால், வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் ஜெம்சுக் மாலுமிகளின் நினைவிடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.