சல்லிவன் கண்ட மலையும் காணாத மண்ணுயிரும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

ராயபுரம் மார்க்கெட்டில் ஊட்டி உருளைக்கிழங்கு, ஊட்டி கேரட் என்று கூவி விற்பதை நாம் கேட்டிருக்கிறோம். இவை நீலகிரியில் தொன்றுதொட்டு விளைந்தவை அல்ல. 200 ஆண்டுகளுக்கு முன் அம்மலையின் மேடுகளில் தோடர்களின் எருமைகள் மேயும் பரந்த புல்வெளிகள் இருந்தன. பள்ளத்தாக்குகளில் சோலைக் காடுகள் இருந்தன. சில பகுதிகளில் படகர்கள் சாமையும் ராகியும் பயிரிட்டனர். அந்த மலைக்கு மேலைநாட்டுப் பயிர்களைக் கொண்டு சென்றவர்களில் முதன்மையானவர் ஜான் சல்லிவன். உதகையின் தந்தை எனப் போற்றப்படும் அவருடைய வாழ்க்கையை, விலங்கியல் மாணவி என்ற முறையில், மண்ணுக்கு அடியிலிருந்தும் சிறிது பார்க்க விழைகிறேன்.

சல்லிவன் 1788ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் லண்டனில் பிறந்தார். நம்மைவிட இளைய வயதிலேயே, கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்து சென்னைக்கு வந்தார். பல பதவிகளை வகித்தபின் 1815இல் கோயம்புத்தூர் கலெக்டரானார். அம்மாவட்டத்தின் வடமேற்கே வானளாவ நின்ற நீலமலை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1819ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு குழுவினருடன் கடினமான மலைப்பாதையில் ஏறி, கோத்தகிரிப் பகுதியை அடைந்தார். கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இன்றும் நினைவகமாகப் பேணப்படுகிறது.

பின்னர் உதகையில் அவர் எழுப்பிய கல் பங்களா 1823 அளவில் நிறைவு பெற்றது. இன்று அது உதகை அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. நம்மைப் போன்ற அரசு கல்லூரி மாணவர்கள் நடமாடும் இடமாக அது விளங்குவது நமக்கு மகிழ்ச்சி தருவதன்றோ! உதகை ஏரியை உருவாக்கியவரும் அவரே. உருளைக்கிழங்கு, வாற்கோதுமை, மேலைநாட்டுக் காய்கனிகள் ஆகியவற்றை மலைமண்ணில் விளைவித்துப் பார்த்தார். நோயுற்ற வெள்ளையர் உடல் தேறும் இடமாக உதகை வளர்ந்தது.

அவரிடம் ஒரு நற்பண்பு இருந்தது. புல்வெளி தோடர்களின் உடைமை என்று அவர் அரசிடம் வாதாடினார். நிலத்தை எடுத்தால் அவர்களுக்கு உரிய ஈடு தரவேண்டும் என்றார். கம்பெனி அதிகாரிகளில் இவ்வாறு பேசியவர்கள் மிகச் சிலரே. இதனால் மேலிடத்தின் மனத்தாங்கலுக்கும் அவர் ஆளானார்.

ஆனால் அந்தப் புல்வெளிக்குத் தோடர்களைத் தவிர வேறு குடிகளும் உண்டு. மண்புழு, மரவட்டை, சாண வண்டு, எறும்பு, மைட்டுகள், கொலம்போலா எனப்படும் நுண்ணிய துள்ளும் உயிர்கள் ஆகியவை அவை. ஆண்டுதோறும் மடியும் புல்வேர்கள் இவற்றிற்கு உணவு. எருமைச் சாணத்தை வண்டுகள் உருட்டிப் புதைக்கின்றன. மண்புழுக்கள் துளையிட்டு மழைநீரை உள்ளே இறக்குகின்றன. மலைப்புல்வெளி பஞ்சுபோல் நீரை உறிஞ்சி, சிறுகச் சிறுக ஓடைகளுக்கு வழங்குவதில் இச்சிற்றுயிர்களுக்கும் பங்குண்டு.

புல் போய்க் கிழங்கு வந்தால் என்ன நேரும்? உழவு வளைகளைச் சிதைக்கும்; புழுக்கள் வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும்; மூடாக்கு இழந்த சரிவு மண்ணை மழை அரித்துச் செல்லும். கிழங்குக்கும் தேயிலைக்கும் பூஞ்சாண நோயைத் தடுக்கத் தெளிக்கும் தாமிர மருந்து மண்ணில் தங்கி, மண்புழுவைக் குறைக்கும். 1843இல் நீலகிரிக்கு வந்த தைல மரத்தின் இலையும், தோல் பதனிடும் பட்டைக்காகப் பிற்காலத்தில் பெருமளவில் நடப்பட்ட சீகை மரமும் மண்ணின் இயல்பையே மாற்றின. அயல்நாட்டுச் செடிகளின் வேர்மண்ணோடு அயல்நாட்டுப் புழுக்களும் வந்தன. தென் அமெரிக்காவைச் சேர்ந்த பொன்டோஸ்கோலெக்ஸ் என்னும் மண்புழு இன்று மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்கள் பலவற்றில் பெருகியுள்ளது. அண்டையிலுள்ள பழனி மலையில் 1973க்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரு பங்கு மறைந்ததாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு கூறுகிறது. புல்வெளி மறைந்த இடத்தில் அதை நம்பிய உயிர்கள் மட்டும் எப்படி நிலைக்கும்?

சல்லிவனின் இறுதிக்காலம் துயரம் மிக்கது. 1838இல் அவருடைய மனைவி ஹென்றியட்டாவும் மகள் ஹாரியட்டும் சில நாள் இடைவெளியில் இறந்தனர். இருவரும் உதகை புனித ஸ்டீபன் ஆலயக் கல்லறையில் துயில்கின்றனர். தாம் நேசித்த மலையிலேயே அவர்களை விட்டுவிட்டு, 1841இல் அவர் தாயகம் திரும்பினார். 1855 ஜனவரி 16ஆம் நாள் மறைந்தார்.

அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. மண்புழுவின் உழைப்பை உலகறியச் செய்த டார்வினின் நூல் வெளிவந்தது 1881இல். அப்போது சல்லிவன் மறைந்து 26 ஆண்டுகள் ஆகியிருந்தன. மேலும், மலையில் நடந்த மாற்றங்களில் பெரும்பகுதி அவருக்குப் பின் வந்தவர்கள் செய்தவை. மனிதருக்கு உரிய ஈட்டைக் கேட்ட அவர், மண்ணுயிரைப் பற்றி அறிந்திருந்தால் அதற்காகவும் வாதாடியிருக்கக்கூடும். அவருக்கு அந்த அறிவு கிட்டவில்லை. நமக்கோ பாடமாகவே கிடைத்திருக்கிறது.

இதை நான் தொலைவிலுள்ள மலைக்காக மட்டும் எழுதவில்லை. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்திருப்பதை நாம் அறிவோம். அங்கும் சேற்றுப் புழுக்கள் உண்டு; அவற்றைத் தின்று மீனும் இறாலும் வளர்கின்றன; அவற்றைப் பிடித்து நம் வகுப்புத் தோழர்கள் பலரின் குடும்பங்கள் வாழ்கின்றன. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். புழுவைப் பற்றியா படிக்கிறாய் என்று வீட்டில் சிரிப்பார்கள். நம் வீட்டு மீன் குழம்பே அந்தப் புழுவில் தொடங்குகிறது என்று சொன்னபின் சிரிப்பு நின்றது.

25 செ.மீ. சதுரத்தில், 30 செ.மீ. ஆழத்திற்கு மண்ணைத் தோண்டி, உள்ளிருக்கும் உயிர்களைக் கையால் பொறுக்கி எண்ணுவது எளிய ஆய்வு முறை. அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு மண்வெட்டியும் வெள்ளைத் தட்டும் போதும். நம் கல்லூரித் திடலிலேயே தொடங்கலாம். ஒரு நிலத்தின் பயனை மாற்றுவதற்கு முன் அதில் வாழ்வோரைக் கணக்கெடுக்க வேண்டும் என்னும் பாடத்தைச் சல்லிவனின் வாழ்க்கை நமக்குச் சொல்லாமல் சொல்கிறது.