வெயிலுக்குக் காத்திருந்த கேமரா... வெளிமான்களுக்காகப் பேசிய மா.கிருஷ்ணன் கதை தெரியுமா?

உங்க போன்ல நைட் மோடு இருக்கு, பர்ஸ்ட் மோடு இருக்கு. படம் பிடிக்கலைன்னா டெலீட் பண்ணிட்டு அடுத்ததை எடுத்துடுவீங்க. ஆனா, ஒரு ரோலுக்குள்ள சில ஷாட்கள் மட்டும்தான், ஆட்டோஃபோகஸ் கிடையாது, படம் எப்படி வந்திருக்குன்னு ஊர் திரும்பி ஃபிலிமைக் கழுவினாதான் தெரியும்னு ஒரு காலம் இருந்துச்சு. அந்தக் காலத்துல, பெரும்பாலும் சூரிய வெளிச்சத்தை மட்டுமே நம்பி காட்டுமாடு, கடமான், புள்ளிமான், வெளிமான்னு தேடித் தேடிப் படம் எடுத்த தமிழர் ஒருத்தர் இருந்தார். அவர்தான் மா.கிருஷ்ணன்.

மயிலாப்பூர்ல மான் திரிஞ்ச காலம்

1912 ஜூன் 30-ம் தேதி திருநெல்வேலியில பிறந்தவர் கிருஷ்ணன். அப்பா யார் தெரியுமா? 'பத்மாவதி சரித்திரம்' நாவல் எழுதிய அ.மாதவையா. எட்டுப் பிள்ளைகள்ல கடைக்குட்டி இவர். குடும்பம் மயிலாப்பூர்ல இருந்தது. இன்னிக்கு பார்க்கிங் கிடைக்காத அதே மயிலாப்பூர்தான். ஆனா, அப்போ அங்கே புதர்க்காடு இருந்துச்சு, நரி இருந்துச்சு, வெளிமான்கூட இருந்துச்சு. நம்ம ஆள் வீட்டுல கீரிப்பிள்ளை வளர்த்தார்.

1925-ல அப்பா இறந்தப்போ கிருஷ்ணனுக்கு 13 வயசு. மூத்த அக்கா லட்சுமிதான் பார்த்துக்கிட்டாங்க. மாநிலக் கல்லூரியில படிக்கும்போது தாவரவியல் பேராசிரியர் ஃபைசனோட நீலகிரி, கொடைக்கானல் மலைகள்ல சுத்தினார். பேராசிரியரோட மனைவிகிட்ட வாட்டர்கலர் கத்துக்கிட்டார். பின்னாடி கேமராவைத் தூக்கினப்போ, இந்த ஓவியக் கண்ணும் கூடவே வந்துச்சு.

சட்டம் படிச்சவர் ஆடு மேய்ச்சார்

எம்.ஏ முடிச்சார், சட்டமும் படிச்சார். ஆனா, கோர்ட்டு கறுப்பு கோட்டு பக்கம் மனசு போகல. அச்சகம், ஓவியப் பள்ளி, வானொலின்னு கொஞ்ச கொஞ்ச நாள் வேலை. 1942-ல பெல்லாரி பக்கத்துல இருக்கிற சண்டூர் சமஸ்தானத்துக்குப் போனார். அங்கே ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவோட அரசியல் செயலாளர்னு பல பொறுப்புகள். நடுவுல ஆடு மேய்ச்சுப் பார்த்தார். தபால் கொண்டுபோக புறா வளர்த்தும் பார்த்தார். மிச்ச நேரமெல்லாம் காடுதான்.

சண்டூர் இந்தியாவோட இணைஞ்சதும் சென்னைக்குத் திரும்பிட்டார். குடும்பஸ்தர் ஆச்சே, மாசச் சம்பளம் தேடியிருக்கணும் இல்லையா? அவர் தேடல. எழுத்தும் கேமராவுமே பொழைப்புன்னு முடிவெடுத்தார். இப்போ ஃப்ரீலான்சர்னு ஈஸியா சொல்லிக்கிறோம். 1950-ல அது எவ்வளவு பெரிய ரிஸ்க்னு யோசிச்சுப் பாருங்க!

ஒட்டுப்போட்ட கேமரா

அவர்கிட்ட இருந்தது ஷோரூம்ல வாங்கின ஒரே கம்பெனி செட் இல்லை. பாடி ஒண்ணு, லென்ஸ் ஒண்ணுன்னு தானே சேர்த்துக் கட்டின கனமான கேமரா. அதுக்கு 'சூப்பர் பாண்டரோஸா'ன்னு கிண்டலா பேரும் வெச்சிருந்தார். கறுப்பு வெள்ளைதான் அவரோட உலகம்.

இதுல என்ன கஷ்டம்னு கேக்குறீங்களா? வெளிமான் கடாவையே எடுத்துக்கோங்க. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. உச்சி வெயில்ல கறுப்புக்கு ஏத்த மாதிரி எக்ஸ்போஷர் வெச்சா வெள்ளை வெளிறிடும். வெள்ளைக்கு வெச்சா முதுகு வெறும் கரியா தெரியும். காட்டுமாடும் இதே கதைதான்... கறுத்த உடம்பு, காலுக்கு மட்டும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி. புள்ளிமான் மர நிழல்ல நின்னா, இலை வழியா விழுற வெயில் பொட்டும் அதோட புள்ளியும் ஒண்ணா கலந்துடும். மான் இருக்கிறதே தெரியாது!

அதனால, சாய்வா வெயில் விழுற காலையும் மாலையும்தான் தோது. காத்து நம்ம பக்கத்துல இருந்து அதுங்க பக்கம் வீசக் கூடாது. வாடை பட்டுச்சுன்னா அவ்வளவுதான், ஓடிடும். முதுமலை மாதிரி காடுகள்ல பழக்கின யானை மேல உட்கார்ந்து போவார் கிருஷ்ணன். யானை வந்தா மான்களும் மாடுகளும் அவ்வளவா மிரளாது.

கோடியக்கரையில என்ன நடந்துச்சு?

மயிலாப்பூர்ல சின்ன வயசுல இருந்த வெளிமான், அவர் வளர்ந்தப்போ தமிழ்நாட்டுல பல இடங்கள்ல காணாமப் போயிருந்துச்சு. இந்திய வனவிலங்கு வாரியத்துல இருந்த அவர், 1962-ல கோடியக்கரைக்குப் போனப்போ அங்கே வெளிமான்கள் பிழைச்சுக் கிடந்ததைப் பார்த்தார். தெற்குத் தமிழ்நாட்டுல அதுங்களுக்கு மிஞ்சியிருக்கிற கடைசி இயற்கை வாழிடம் இதுதான்னு அடையாளம் காட்டி, சரணாலயம் ஆக்கச் சொல்லிப் பரிந்துரைச்சார். 1967-ல கோடியக்கரை சரணாலயம் வந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1972-லதான்கிறதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அடுத்து ஜவஹர்லால் நேரு ஃபெல்லோஷிப் கிடைச்சது. தென்னிந்தியக் காடுகள்ல அலைஞ்சு பெரிய பாலூட்டிகளைப் பத்தி ஆய்வு செஞ்சார். எல்லாரும் புலி, சிறுத்தைன்னு ஓடினப்போ, மேயுற விலங்குகளுக்கும் அதே மரியாதை கொடுத்தவர் இவர். மான் இல்லாம புலி எதைத் தின்னும்? வெளியூர்ச் செடிகொடிகளைக் கொண்டுவந்து நம்ம மண்ணுல நடுறதையும் கடுமையா எதிர்த்தார். இன்னிக்குக் கோடியக்கரையில வெளிமான் மேயுற புல்வெளியைச் சீமைக்கருவேலம் தின்னுட்டு இருக்கு. அவர் பயந்தது சும்மா இல்லைன்னு புரியுதா?

பத்மஸ்ரீ விருதும் வந்தது. 'தி ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழ்ல 1950-ல ஆரம்பிச்ச பத்தியை 46 வருஷம் எழுதினார். 1996 பிப்ரவரி 18-ம் தேதி இறக்கிற வரைக்கும் அது நிக்கல.

இந்த வீக் ஆஃப்ல ட்ரை பண்ணுங்க

ஒரகடம், வடக்குப்பட்டு பக்கம் ஷிஃப்ட்டுல ஓடிட்டு இருக்கீங்களா? வெளிமான் பார்க்க ராஜஸ்தான் போக வேண்டாம். கிண்டி தேசியப் பூங்காவுலயே புள்ளிமானும் வெளிமானும் இருக்கு. லீவு ரெண்டு நாள் சேர்ந்து வந்தா கோடியக்கரை கிளம்புங்க. ஃப்ளாஷை ஆஃப் பண்ணிடுங்க. சூரியன் உங்க முதுகுப் பக்கம் இருக்கட்டும். வெளிமான் கறுப்பா தெரியணும்னா, ஸ்கிரீன்ல மான் மேல தொட்டு பிரைட்னஸைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க. பிஸ்கட், சிப்ஸ் போட்டுக் கூப்பிடாதீங்க. அது அதுங்க உடம்புக்கும் கெடுதல், சட்டப்படியும் தப்பு. தள்ளி நில்லுங்க. மான் தலையைத் தூக்கி உங்களையே பார்க்குதுன்னா, ரொம்ப நெருங்கிட்டீங்கன்னு அர்த்தம்.

போற வழியில பஸ்ல படிக்க, அவர் தமிழ்ல எழுதின கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்'ங்கிற பேர்ல புத்தகமா இருக்கு. தியடோர் பாஸ்கரன் தொகுத்தது. கையில எடுத்துட்டுப் போங்க.