கடன் வட்டத்தைக் கண்டுபிடித்த புடவை வியாபாரி

அக்கரப்பத்தனையில் தோட்ட இளைஞர்களுக்கு நடந்த வாழ்க்கைப் பயிற்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். போருக்குப் பிறகு வன்னியில் நாம் கேட்டுச் சலித்த, மனதை மாற்றினால் எல்லாம் மாறும் என்ற வகைப் பேச்சு அல்ல அது. உங்கள் வாழ்க்கையில் எது எதை இழுக்கிறது என்று தாளில் எழுதுங்கள், அம்புக்குறியால் இணையுங்கள், வட்டம் எங்கே மூடுகிறது என்று பாருங்கள் என்றார்கள். அமைப்புசார் சிந்தனை என்று அதற்குப் பெயர். பெரும்பாலான தாள்களில் வட்டம் கடனில் வந்து மூடியது. இதே வட்டத்தை நூறு வருடங்களுக்கு முன்பே இந்த மலைகளில் வரைந்து பார்த்த ஒருவர் இருந்தார்: கோ. நடேசய்யர்.

தஞ்சாவூர்க்காரர். அங்கே ‘வர்த்தகமித்திரன்’ என்ற வணிகப் பத்திரிகையை நடத்தியவர். அதன் தொடர்பாகவே 1915 இல் இலங்கைக்கு வந்தார். தோட்டங்களைப் பார்க்க விரும்பினார். ஆனால் துரைமாரின் அனுமதியின்றி அந்நியர் எவரும் உள்ளே நுழைய முடியாத காலம் அது. புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குப் போனார்.

அங்கே அவர் கண்டவற்றில் முக்கியமானது ‘துண்டு’. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டுப் போக வேண்டுமானால் அவர் பெயரில் உள்ள கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு வேண்டும். புதிய தோட்டத்துக் கங்காணி அந்தக் கடனைக் கட்டி அவரை எடுப்பார். கட்டிய பணம் மறுபடி தொழிலாளியின் கணக்கிலேயே ஏறும். இடம் மாறினாலும் கடன் கூடவே வரும், வழியில் வளரவும் செய்யும். தொழிலாளி சோம்பேறி, குடிகாரர், சேமிக்கத் தெரியாதவர் என்று தோட்ட நிர்வாகங்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, இந்தக் கணக்கில் எவராலும் சேமிக்க முடியாது என்பதை நடேசய்யர் புரிந்துகொண்டார். வணிகப் பத்திரிகை நடத்திய பழக்கம் அவருக்கு இங்கே உதவியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

1921 இல் துண்டு முறை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. கடன் போகவில்லை. எனவே அவர் ஓரிடத்தை மட்டும் தட்டவில்லை. ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ பத்திரிகைகளை நடத்தினார். 1925 இல் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவுடன் சேர்ந்து தொழிற்சங்க வேலை செய்தார். குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியதும் பிரிந்தார். 1931 இல் அட்டனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தேயிலை விலை விழுந்து சம்பளம் வெட்டப்பட்ட காலம் அது. கூட்டங்களில் அவர் மனைவி மீனாட்சியம்மை பாடுவார். எழுத்தறியாத சனத்துக்குப் பத்திரிகை சென்று சேராத இடத்தில் அவருடைய பாட்டு சேர்ந்தது. மலையகத்தின் அரசியல் வரலாற்றில் அந்த அம்மாவுக்கு இன்னும் அரைப் பக்கம்தான் கிடைத்திருக்கிறது.

இவ்வளவுக்கும் நடுவில் ‘நீ மயங்குவதேன்?’, ‘வெற்றியுனதே’ என்று தன்னம்பிக்கை ஊட்டும் நூல்களையும் எழுதினார். இதை முரண்பாடாகப் பார்க்கத் தேவையில்லை. நிமிர்ந்து நிற்கச் சொன்னவர், கூரையை உயர்த்தவும் பாடுபட்டார். இரண்டில் ஒன்றை மட்டும் செய்யும் பயிற்றுநர்களையே நாம் அதிகம் பார்த்திருக்கிறோம்.

ஆனால் அவரிடமும் ஒரு பெரிய குறை இருந்தது. சம்மேளனம் முழுவதும் அவர் ஒருவரின் தோளிலேயே நின்றது. 1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாகி, தொழிலாளர் அதன் சங்கத்தின் பக்கம் திரண்டபோது அவருடைய அமைப்பு தேய்ந்தது. அடுத்தவர் கட்டிய அமைப்பின் ஓட்டையைக் கண்டவர், தான் கட்டியதன் ஓட்டையைக் காணவில்லை. 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையில் அட்டன் உறுப்பினராக இருந்தும், கடைசி வருடங்களில் பெரும்பாலும் தனியாகவே போராடினார்.

1947 இல் ‘சுதந்திரன்’ தொடங்கப்பட்டபோது அதன் முதல் ஆசிரியரானார். அந்த வருடம் நவம்பரில் காலமானார். 1948 இல் வந்த பிரசாவுரிமைச் சட்டம் அவருடைய மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949 இல் வாக்குரிமையும் போனது.

அக்கரப்பத்தனையில் பயிற்சி முடிந்ததும் தாள்களைச் சுவரில் ஒட்டினார்கள். ஒன்றில் மட்டும் வட்டத்துக்கு வெளியிலிருந்து குறுக்கே ஒரு கோடு இழுத்து, அதன் நுனியில் நாட்சம்பளம் என்று எழுதியிருந்தது.