தேவதாசைப் படைத்த சரத்சந்திரர்

ஆசிரியன் பெயரை மக்கள் மறந்தபோதும், அவன் படைத்த பாத்திரத்தின் பெயரை மறவாதிருத்தல் மிகச் சில எழுத்தாளர்க்கே வாய்க்கும் பேறாகும். காதலை இழந்து கலங்கும் இளைஞனைக் கண்டால், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்ன, தமிழ் வழங்கும் இடமெங்கும் தேவதாஸ் என்றே அவனை அழைக்கின்றோம். அப்பெயரை நமக்குத் தந்தவர் வங்க நாவலாசிரியர் சரத்சந்திர சட்டோபாத்தியாயர். அவர்தம் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

சரத்சந்திரர் 1876 ஆம் ஆண்டு செத்தெம்பர் 15 ஆந் திகதி, ஊக்ளி மாவட்டத்துத் தேவானந்தபுரம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் மோதிலால் கதைகளை எழுதத் தொடங்குவார், முடிக்கமாட்டார். தொழிலில் நிலைபெறவுமில்லை. ஆதலின் குடும்பம் பாகல்பூரிலிருந்த தாய்வழி உறவினரை அண்டி வாழ்ந்தது. அங்குத் தேஜ்நாராயண் யூபிலிப் பாடசாலையிற் பயின்று, 1894 இல் பிரவேசப் பரீட்சையிற் சித்தியெய்திய மாணவர், பொருளின்மையால் மேற்படிப்பை இடையிலே நிறுத்த நேர்ந்தது.

பாகல்பூரில் இருந்த அக்காலத்திலேயே, தமக்கு இருபத்தைந்து வயது நிரம்புமளவில், தேவதாஸ் கதையை அவர் எழுதினார். சமீன்தார் மகன் தேவதாஸ். அயல்வீட்டுப் பெண் பார்வதி. இளமை தொட்டு வளர்ந்த அன்பைக் குலப்பெருமை பேசிய பெற்றோர் தடுத்தனர். இரவில் தன்னைத் தேடி வந்தவளை ஏற்கத் தேவதாசுக்குத் துணிவு பிறக்கவில்லை. பின்னர் மனமிரங்கித் திரும்பி வந்தபோது அவள் மறுக்கவே, சினங்கொண்டு அவளது நெற்றியில் வடுப்பட அடித்தான். அவள் வயது முதிர்ந்த வேறொரு சமீன்தாரை மணந்தாள். இவனோ மதுவில் மூழ்கி, இறுதியில் அவள் வீட்டு வாயிலருகே உயிர்நீத்தான். இக்கதையைச் சரத்சந்திரர் பெரிதாக மதித்தாரல்லர். வெளியிடவும் நெடுங்காலம் தயங்கினார். 1917 இலேதான் அது நூலாயிற்று.

தந்தையாரும் மறைந்த பின்னர், 1903 ஆம் ஆண்டில் அவர் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து இரங்கூன் சென்றார். அங்கு அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் எழுதுவினைஞராகப் பல்லாண்டு கடமையாற்றினார். கோவைகளுக்கிடையே நாளைக் கழித்து, இரவில் நூல்களோடு வாழும் வாழ்க்கை எத்தகையதென்பதைக் கொழும்புக் கந்தோர்களிற் பணிபுரிந்த நம் பழைய மாணவர் பலர் நன்கறிவர். ஆங்கு அவர் மணந்த மனைவியையும் பச்சிளம் மகனையும் கொள்ளைநோய் கொண்டு சென்றது. 1912 இல் வீடு தீப்பற்ற, நூல்களும் கைப்பிரதிகளும் சாம்பராயின. அழிந்தவற்றுள் ஒன்றாகிய சரித்திரஹீன் என்னும் நாவலை அவர் மீண்டும் எழுதி முடித்தார்.

இதற்கிடையே, 1907 இல், அவருடைய பழைய கதையொன்றை நண்பர் அவரறியாமலே பாரதி என்னும் இதழுக்கு அளிக்க, ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த பகுதிகளை இரவீந்திரநாத தாகூரின் எழுத்தென்றே பலர் கருதினர். 1916 இல் வங்கம் மீண்ட பின்னர் புகழ் அவரை நாடி வந்தது. பதேர் தாபி என்னும் நாவலை 1927 இல் ஆங்கில அரசு தடைசெய்தது. 1938 ஆம் ஆண்டு சனவரி 16 ஆந் திகதி கல்கத்தாவில் அவர் காலமானார்.

தேவதாஸ் கதையோ வெள்ளித்திரையில் வாழலாயிற்று. 1935 இல் பிரமதேஷ் பரூவா வங்கத்தில் நடித்தார். 1953 இல் நாகேசுவரராவும் சாவித்திரியும் நடித்த படம் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்தது. மூத்த பழைய மாணவர் பலரின் செவியிற் கண்டசாலாவின் குரல் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்.

மேனாட்டில், அமெரிக்கராகிய ஃபிட்ஸ்ஜெரால்ட் 1925 இல் வெளியிட்ட நாவலின் நாயகன் கட்ஸ்பியும் இத்தகையவனே. தன் செல்வம் வந்த வழியை மறைத்து, இழந்த காதலியை மீட்கவே மாளிகை அமைத்து விருந்திட்டான். அவன் காதலுக்காகச் செல்வம் தேடினான். தேவதாசோ செல்வக் குடிப்பெருமையாற் காதலை இழந்தான். கடந்ததை மீட்க முயன்று இருவரும் மாண்டனர். பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என வகுத்து, அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்திய நம் முன்னோர் இவ்வுள்ளத்தை அறியாதவரல்லர்.

தேவதாசைப் பின்பற்றத்தக்க காதலனெனக் கொள்ளும் இளைஞர் எக்காலத்தும் உளர். அவர்கள் பார்வதியின் நெற்றி வடுவை ஒருகணம் நினைத்தல் வேண்டும். தேவதாஸ் துணிய வேண்டிய இரவிலே துணிந்திலன்; அதன் விலையை அவளும் செலுத்தினாள். சரத்சந்திரரும் மது, அபின் ஆகியவற்றின் வசப்பட்டவரே, அதனை மறைத்தற்கில்லை. எனினும், மனைவியையும் மகவையும் இழந்த பின்னரும் அவர் அலுவலகம் சென்றார். எரிந்த நூலை மீண்டும் எழுதினார். நம் மாணவர் கதையைப் படித்துக் கண்ணீர் விடுக. அதனை எழுதியவரின் வாழ்க்கையையும் உடன் படிக்குக.