மாலைப் பொழுதில் வந்த அழைப்பு: திருத்தந்தை 23-ஆம் அருளப்பர்



விழா மலர் என்றால் ஆலயம் எழுந்த வரலாறும், பணியாற்றிய குருக்களின் பெயர்களும், நன்கொடையாளரின் படங்களும் இருக்கும். அவை மற்றப் பக்கங்களில் உள்ளன. அடியேன் எழுத எடுத்துக்கொண்டது ஒரு முதியவரின் கதை. அவர் நம் ஊரைக் கண்டவரல்லர், தமிழ் அறிந்தவருமல்லர். ஆயினும் ஞாயிறுதோறும் நாம் நம் தாய்மொழியில் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோமே, அதற்கு வழிவகுத்த சங்கத்தைக் கூட்டியவர் அவரே. நம் பெற்றோர் அருளப்பர் என்றழைத்த அவரை இன்றைய இளைஞர் யோவான் என்கின்றனர்.

வட இத்தாலியில் பெர்கமோ நகருக்கு அருகே சோத்தோ இல் மோந்தே என்றொரு சிற்றூர். 1881 நவம்பர் 25 அன்று ரொன்கல்லி குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அன்றே திருமுழுக்குக் கொடுத்து ஆஞ்செலோ ஜுசெப்பே என்று பெயரிட்டார்கள். வாரத்துக்கு நிலம் உழுத குடும்பம். விளைந்ததில் பாதியை நிலக்காரருக்கு அளந்துவிட்டு மீதியில் ஒரு பெருங்கூட்டம் சாப்பிடவேண்டும். வறுமை இருந்தது, மாலைச் செபமாலை ஒருநாளும் தவறியதில்லை. தாத்தா முறையான சவேரியார் என்ற முதியவரே சிறுவனுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தார். ஒரு முதியவரின் மடியில் தொடங்கிய விசுவாசம் அது என்பதை மறந்துவிடாதீர்கள்.

குருமடத்தில், பதினான்காம் வயதில், அவர் ஒரு குறிப்பேடு எழுதத் தொடங்கினார். இன்று எத்தனை முறை கோபித்தேன், செபத்தில் எங்கே கவனம் சிதறினேன், சமையலறைப் பக்கம் வீண்பேச்சுப் பேசினேனா என்றெல்லாம் தம்மைத்தாமே விசாரித்து எழுதினார். குருவான பின்னும், ஆயரான பின்னும், திருத்தந்தையான பின்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அவர் இறந்தபின் 1964-இல் ஓர் ஆன்மாவின் நாட்குறிப்பு என்னும் பொருள்படும் தலைப்பில் அது நூலாக வெளிவந்தது. அதைப் படிப்பவர்களுக்கு ஒன்று விளங்கும்: உலகம் கண்டு மகிழ்ந்த அவருடைய நகைச்சுவை வெறும் விளையாட்டுத்தனமன்று. தம் குறைகளை நாள்தோறும் பார்த்துப் பழகியவர், தம்மைப் பெரியவராக நினைக்க முடியாமல் சிரித்தார். அவ்வளவுதான்.

1904 ஆகஸ்ட் 10-இல் ரோமையில் குருப்பட்டம் பெற்று, பெர்கமோ ஆயர் ரதீனி தெதெஸ்கியின் செயலரானார். 1909-இல் ரனீக்கா என்ற ஊரில் நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஆயர் அவர்கள் பக்கம் நின்று உதவி திரட்டினார். பணம் படைத்தவர்கள் முணுமுணுத்தார்கள். இளங்குரு ரொன்கல்லி அருகிலிருந்து கற்றுக்கொண்டார். முதல் உலகப்போரில் இராணுவ மருத்துவப் பிரிவில் சார்ஜெண்டாகவும், பின்னர் ஆன்ம குருவாகவும் காயம்பட்டோரிடையே பணியாற்றினார். அந்நாட்களில் தாம் மீசை வளர்த்ததைப் பிற்காலத்தில் ஒரு பலவீனமாகச் சொல்லிச் சிரிப்பார்.

1925-இல் ஆயராக்கி அவரைப் பல்கேரியாவுக்கு அனுப்பினார்கள். கத்தோலிக்கர் மிகச் சிலரே வாழ்ந்த நாடு. ரோமையில் பலர் நினைத்தும் பார்க்காத இடம். அங்கே ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். அடுத்து, துருக்கி, கிரேக்க நாடுகளில் பத்து ஆண்டுகள். துருக்கி அரசு மத உடைகளைத் தடைசெய்தபோது அங்கியைக் கழற்றிவைத்துவிட்டுக் கால்சட்டையும் கோட்டும் அணிந்து திருப்பணி செய்தார். வழிபாட்டில் துருக்கி மொழியைச் சேர்த்தார். இறைபுகழ்ச்சி துருக்கி மொழியில் ஒலித்ததும் முகம் சுளித்தவர்கள் உண்டு. நம் ஊர்களில் இலத்தீன் போய்த் தமிழ் வந்தபோது பூசை பூசையாகவே இல்லை என்று வருந்திய பெரியவர்களைப் பற்றிக் கேட்டிருப்பீர்களே! அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர் அந்த மனத்தாங்கலை ஏற்று, பொறுமையாக நடந்து காட்டியிருந்தார்.

இரண்டாம் உலகப்போரில் நாத்சிகளின் கையிலிருந்து தப்பி ஓடிவந்த யூத மக்களுக்கு இஸ்தான்புல் வழியாகச் செல்ல உதவினார். அவர்களைக் காக்கும்படி மன்னர்களுக்கும் திருப்பீடத் தூதர்களுக்கும் கடிதம் எழுதினார். 1944 இறுதியில் பாரீசுக்கு மாற்றப்பட்டார். எதிரிக்கு ஒத்துழைத்தார்கள் என்று கூறி ஏராளமான ஆயர்களை நீக்க வேண்டுமென்று பிரெஞ்சு அரசு வற்புறுத்திய காலம் அது. அவர் யாரோடும் சண்டையிடவில்லை, அவசரப்படவுமில்லை. பேசிப்பேசி, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு அந்த விவகாரத்தை முடித்துவைத்தார். அரசியல்வாதிகளை விருந்துக்கு அழைத்துச் சிரிக்கவைப்பார். எந்தக் கட்சிக்கும் ஆளாகமாட்டார்.

1953 ஜனவரி 12 அன்று கர்தினால் ஆனார். அதே நாளில்தான் பம்பாய்ப் பேராயர் வலேரியன் கிராசியாஸ் அவர்களும் இந்தியாவின் முதல் கர்தினாலாக உயர்த்தப்பெற்றார். எழுபத்தோராம் வயதில் வெனிஸ் நகரின் மறைமுதல்வராக நுழைந்தபோது, வாழ்நாள் முழுதும் அலுவலகங்களில் கழித்த தமக்குக் கடைசியில் ஆன்மாக்களை நேரில் மேய்க்கும் பணி கிடைத்ததே என்று மகிழ்ந்தார். இனி நல்ல மரணத்துக்கு ஆயத்தம் செய்வதே வேலை என்றும் எண்ணினார்.

1958 அக்டோபர் 9-இல் 12-ஆம் பத்திநாதர் காலமானார். அதே மாதம் 28-ஆம் நாள், எழுபத்தேழு வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கையில், ரொன்கல்லி திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தம் தந்தையின் பெயரும், திருமுழுக்குப் பெற்ற கோவிலின் பாதுகாவலர் பெயருமான அருளப்பரைத் தம் பெயராகக் கொண்டார். தைத்து வைத்திருந்த வெள்ளை அங்கிகள் அவருடைய பருத்த உடலுக்குப் போதவில்லையாம்; பின்புறம் பிரித்து ஊசி குத்திச் சமாளித்தார்களாம். பலர் அவரை இடைக்காலத்தை நிரப்ப வந்த கிழவராகவே கருதினார்கள். அது அவருக்கும் தெரியும். தம் குறிப்பேட்டிலேயே அதை எழுதி வைத்திருக்கிறார்.

அக்காலத்தில் திருத்தந்தையைப் பல்லக்கில் வைத்துத் தூக்கிச் செல்வது வழக்கம். அதில் அமர்ந்தபோது அவருக்கு ஒரு பழைய நினைவு வந்தது. சிறுவனாக இருந்தபோது, அடுத்த ஊரில் நடந்த கத்தோலிக்கர் கூட்டத்தில் ஊர்வலம் பார்க்க முடியாமல் அவர் தவிக்க, தந்தை தம் தோளில் தூக்கிவைத்துக்கொண்டார். பல்லக்கைச் சுமந்தவர்கள் நடுவிலும் அந்தத் தோளைத்தான் அவர் உணர்ந்தார். வாழ்நாளெல்லாம் தம்மைத் தாமே சுமக்காமல் தந்தையாம் இறைவன் சுமக்க விட்டுவிட்டவர் அவர். கீழ்ப்படிதலும் சமாதானமும் என்பதே அவர் ஆயராகத் தேர்ந்துகொண்ட விருதுவாக்கு.

அந்த ஆண்டுக் கிறிஸ்மஸ் மறுநாள் ரோமைச் சிறைச்சாலைக்குப் போனார். தம் உறவினர் ஒருவர் உரிமமின்றி வேட்டையாடிப் பிடிபட்ட கதையைக் கைதிகளிடம் சொன்னார். கைதிகள் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். இன்னொரு வேடிக்கையும் அவரைப்பற்றிச் சொல்வார்கள். நள்ளிரவில் ஏதோ பெரிய சிக்கல் நினைவுக்கு வர, விடிந்ததும் பாப்பரசரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பாராம். முழுதும் விழித்த பிறகுதான் தாமே பாப்பரசர் என்பது ஞாபகம் வருமாம்!

இடைக்காலக் கிழவர் என்று எண்ணப்பட்டவர், பதவியேற்று மூன்று மாதங்கூட ஆகுமுன், 1959 ஜனவரி 25 அன்று பொதுச்சங்கம் கூட்டப்போவதாக அறிவித்தார். கேட்டுக்கொண்டிருந்த கர்தினால்மார் வாயடைத்துப் போனார்கள். 1962 அக்டோபர் 11-இல் உலகெங்குமிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடினர். அன்றிரவு பேதுரு சதுக்கத்தில் தீப்பந்தங்களோடு திரண்ட மக்களுக்கு அவர் நிலவைக் காட்டினார். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைத் தம் சார்பில் வருடிக்கொடுக்கும்படி சொல்லியனுப்பினார்.

இரண்டு வாரத்தில் கியூபா நெருக்கடியால் உலகமே அணுகுண்டுப் போருக்கு அஞ்சி நின்றது. அக்டோபர் 25-இல் வானொலி வழியாக, மக்களின் அழுகுரலைக் கேளுங்கள் என்ற கருத்தில் ஆட்சியாளரை மன்றாடினார். மறுஆண்டுத் தொடக்கத்தில், ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் சோவியத் சிறைகளில் வாடிய உக்ரைன் பேராயர் ஸ்லிப்பி விடுதலை பெற்று ரோமை வந்தார். மார்ச்சில் சோவியத் தலைவர் குருசேவின் மகளையும் மருமகனையும் சந்தித்தார். ஏப்ரல் 11-இல் உலக அமைதி பற்றிய சுற்றுமடலைக் கத்தோலிக்கருக்கு மட்டுமின்றி நன்மனத்தோர் எல்லாருக்கும் வரைந்தார். அதே மாதம் இத்தாலியத் தேர்தலில் கம்யூனிஸ்டுகளுக்கு வாக்குக் கூடியதும், பழி இவர்மேல் விழுந்தது. தவற்றை வெறுப்பது வேறு, தவறியவனை வெறுப்பது வேறு என்பதில் அவர் அசையவில்லை. அப்போது அவர் வயிற்றில் புற்றுநோய் முற்றியிருந்தது.

1963 ஜூன் 3 மாலை, பேதுரு சதுக்கத்தில் அவருக்காக நடந்த திருப்பலி முடியும் தறுவாயில் அவர் உயிர் பிரிந்தது. உடன்பிறந்த உழவர்கள் படுக்கையருகே இருந்தார்கள். சங்கத்தின் ஒரு முடிவையும் அவர் கண்ணால் காணவில்லை. தாய்மொழி வழிபாட்டுக்கு இடமளித்த ஏடு அவ்வாண்டு டிசம்பர் 4-இல்தான் வெளிவந்தது. விதைத்தவர் அவர், அறுத்தவர்கள் நாம். 2014 ஏப்ரல் 27 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். சங்கம் தொடங்கிய அக்டோபர் 11 அவருடைய திருநாள்.

அன்பர்களே, இதை ஏன் விழா மலரில் எழுதுகிறேன் தெரியுமா? அடியேனும் ஐம்பதைக் கடந்துவிட்டேன். இனிப் புதிதாக என்ன, இருப்பதைக் கட்டிக்காத்தால் போதாதா என்ற சோர்வு எனக்கும் வருவதுண்டு. நம் கோவிலின் கடைசிப் பெஞ்சிலே, இனி என்னால் யாருக்கு என்ன பயன் என்று செபமாலை உருட்டிக்கொண்டிருக்கும் தாத்தாமாரும் பாட்டிமாரும் இருக்கிறார்கள். ஓய்வு இல்லங்களில் வயதான குருக்கள் இருக்கிறார்கள். திராட்சைத் தோட்டத்து எசமான் மாலை ஐந்து மணிக்கும் ஆள் தேடி வந்தார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அவருடைய கணக்கில் நாம் இன்னும் முடிந்துபோனவர்கள் அல்ல. ஆகவே இந்த யூபிலி ஆண்டில் ஒவ்வொரு குடும்பமும் வீட்டிலுள்ள முதியவரை உட்காரவைத்து, அவர் நினைவுகளைக் கேளுங்கள். அவர் சொல்லும் வேடிக்கைக்குச் சிரியுங்கள். பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுக்க அவரிடமே விடுங்கள். அந்த மடியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது இறைவனுக்கே வெளிச்சம்.

புனித 23-ஆம் அருளப்பரின் மன்றாட்டினால், தந்தையாம் இறைவன் நம் பங்கையும் தம் தோளில் சுமந்து வழிநடத்துவாராக!

உங்கள் பங்குத்தந்தை