கொங்கின் பழவரலாறு காத்த கர்னல் மெக்கன்சி

அச்சுப்பொறி தோன்றாத காலத்தில் ஒரு நாட்டின் வரலாறு படியெடுப்போர் கையில் இருந்தது. இத்தாலி நாட்டுப் பிளாரன்சு நகரின் வரலாற்றைத் தாய்மொழியில் எழுதிய வணிகர் ஜியோவான்னி வில்லானி 1348ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் மறைந்தார். அவருடைய நூலோ கையெழுத்துப் படிகளாகத் தலைமுறைகளைக் கடந்து வாழ்ந்தது. நம் கொங்கு நாட்டிற்கும் அத்தகையதொரு நூல் உண்டு. 'கொங்குதேச ராஜாக்கள்' என்பது அதன் பெயர். அந்நூலைத் தாங்கிவந்த சுவடித் தொகுப்பை உருவாக்கியவரே கர்னல் காலின் மெக்கன்சி.

மெக்கன்சி 1754ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தைச் சார்ந்த லூயிஸ் தீவில், ஸ்டோர்னோவே என்னும் ஊரில் பிறந்தார். அங்குச் சுங்கத்துறையில் பணியாற்றியபின், 1783இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப்பணி ஏற்றுச் சென்னை வந்தடைந்தார். கணிதத்தில் அவருக்கிருந்த ஈடுபாடு அவரை மதுரைக்கு அழைத்துச் சென்றது. அங்குப் பழகிய அறிஞர்களின் தொடர்பால் இந்நாட்டுப் பழமையை அறியும் வேட்கை அவருள் வேரூன்றியது.

1799இல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தபின் மைசூர் நாட்டை அளக்கும் பொறுப்பு மெக்கன்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. கோயம்புத்தூர்ப் பகுதியும் அவ்வாண்டே கம்பெனியார் வசமாயிற்று. வென்ற நிலத்தை அளப்பது ஆட்சியின் தேவை. ஆனால் நிலத்தை அளந்தவர், அந்நிலத்து மக்களின் நினைவுகளையும் திரட்டினார். ஊர் வரலாறுகள், மடங்களின் ஆவணங்கள், குடிவழிப் பட்டியல்கள், கல்வெட்டுப் படிகள் ஆகியவை அவரிடம் வந்து குவிந்தன. ஊர் வரலாறுகள் கைபீது எனப்பட்டன. நிலைமையைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்த பெயர் இது.

மெக்கன்சி இந்நாட்டு மொழிகளில் புலமை பெற்றவர் அல்லர். அவருக்குக் கண்ணும் செவியுமாய் விளங்கியவர் காவலி வேங்கட போரய்யா. அவர் 1803இல் இளம் வயதிலேயே மறைய, அவர்தம் தம்பி இலட்சுமய்யா அப்பணியை ஏற்றார். ஊர் ஊராகச் சென்று முதியோரைக் கேட்டு எழுதியவரும், ஏடுகளைப் பார்த்துப் படியெடுத்தவரும் இவர்களைப் போன்ற உதவியாளர்களே.

1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையர் ஆன மெக்கன்சி, 1821ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் கல்கத்தா அருகே காலமானார். கம்பெனி அவர் மனைவியாரிடமிருந்து அத்தொகுப்பை 10,000 பவுனுக்கு வாங்கியது. வில்சன் என்னும் அறிஞர் 1828இல் வெளியிட்ட அட்டவணையில் 1,568 சுவடிகளும், 2,070 ஊர் வரலாறுகளும், 8,076 கல்வெட்டுப் படிகளும் கணக்கிடப்பட்டன. அப்பணியைத் தொடர இலட்சுமய்யா விழைந்தார். அதற்குரிய தகுதி இந்தியர் ஒருவருக்கு இல்லையென அன்றைய ஆங்கில அறிஞர் அவை மறுத்துவிட்டது. இருபது ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த இக்கைம்மாறு நம் நெஞ்சை வருத்துகிறது.

'கொங்குதேச ராஜாக்கள்' இரட்டர், கங்கர் தொடங்கிச் சோழர், ஒய்சளர், விசயநகரத்தார் எனக் கொங்கை ஆண்டோரை வரிசைப்படுத்துகிறது. அதன் சில செய்திகள் கல்வெட்டுகளோடு பொருந்தா என்பதை ஆய்வாளர் காட்டியுள்ளனர். அவ்வாறு ஒப்பிட்டுக் குறைகாண்பதற்கும் நூல் எஞ்சியிருத்தல் வேண்டுமன்றோ! கோவை தந்த அறிஞர் சி. எம். இராமச்சந்திரன் செட்டியார் பதிப்பிக்க, 1950இல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் இதனை அச்சேற்றியது.

மெக்கன்சி பிறர் நாட்டை ஆளவந்த கம்பெனியின் அலுவலர் என்பதை நாம் மறப்பதற்கில்லை. எனினும், ஆடிப்பெருக்கில் ஏடுகள் ஆற்றோடு போன நாட்டில், அவரும் அவர்தம் உதவியாளரும் எடுத்துவைத்தவை இன்றும் நம்மோடு பேசுகின்றன. பேரூரிலோ பவானியிலோ, நம் மாணவர்தம் இல்லத்துப் பரண்களில் ஓர் ஏட்டுக்கட்டு இன்னும் உறங்கிக் கொண்டிருக்கலாம். அதனைத் தேடி, தூசு தட்டி, படியெடுத்து வைப்பதே அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.