மூப்பறியாத மாணாக்கர்

இளமை நிலையாதது. சமண முனிவர்கள் அருளிய நாலடியாரில் இதற்கென்றே ஓர் அதிகாரம் அமைந்திருப்பதை நாம் அறிவோம். நரை வருவதற்கு முன்பே நல்லறத்தை நாடுக என்பது அதன் சாரம். இளமையை நிறுத்திவைக்கும் வழியை அம்முனிவர்கள் கூறவில்லை. அப்படியொரு வழி இல்லை என்பதை அவர்கள் தெளிவாக உணர்ந்திருந்தார்கள். முடிக்குச் சாயம் பூசலாம். முகத்துக்கு மருந்து தடவலாம். காலம் அவற்றைக் கண்டு ஏமாறுவதில்லை.

எனினும் உலகில் சிலரைக் காண்கிறோம். எண்பது ஆண்டுகளைக் கடந்த பின்னரும் அவர்களுடைய அறிவு மழுங்குவதில்லை, ஆர்வம் குன்றுவதில்லை. காலையில் எழும்போது அன்றைக்குச் செய்ய வேண்டிய பணி ஒன்று அவர்களுக்காகக் காத்திருக்கிறது. உடல் முதிர்ந்தும் உள்ளம் முதிராத இந்நிலை எவ்வாறு வாய்க்கிறது? இவ்வினாவுக்கு விடையாக ஒரு பெரியாரின் வாழ்வை இங்கே நினைவுகூர விரும்புகிறோம். அவர் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் நம் காப்பியமாகிய சீவக சிந்தாமணியைத் தமிழுலகம் கையில் ஏந்திப் படிக்குமாறு செய்தவர். அவரே மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

தஞ்சை மாவட்டத்தில் பாபநாசத்துக்கு அருகிலுள்ள உத்தமதானபுரத்தைச் சேர்ந்த குடும்பத்தில் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசை வல்லவர். செல்வம் மிகுந்த குடும்பமன்று. மகனுடைய கல்விக்காகப் பெற்றோர் ஊர் ஊராகக் குடிபெயர்ந்தனர். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்து அவரிடம் மாணாக்கரானார். 1876இல் ஆசிரியர் மறையும் வரையில் அவரைப் பிரியாது பயின்றார். அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் கல்வியைத் தொடர்ந்தார். 1880இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியர் பதவி கிடைத்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் ஒரு சந்திப்பு நிகழ்ந்தது. கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் அவரிடம் என்னென்ன நூல்கள் கற்றிருக்கிறார் என்று வினவினார். தாம் பாடம் கேட்ட அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் எனப் பெரியதொரு பட்டியலை ஐயர் சொன்னார். முதலியார் வியப்படையவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களாகிய சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை முதலியவற்றைப் படித்ததுண்டா என்று கேட்டார். அவற்றை ஐயர் கற்றதில்லை. பின்னர் முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் படியொன்றை அவரிடம் கொடுத்தார்.

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று எண்ண வேண்டும். கல்லூரியில் ஆசிரியப் பதவி, பெரும் புலவர் ஒருவரின் மாணாக்கர் என்ற பெருமை, மடத்தில் மதிப்பு. தாம் கற்க வேண்டியவற்றையெல்லாம் கற்று முடித்தாகிவிட்டது என்று அந்த இளைஞர் கருதியிருந்தால் அதில் வியப்பில்லை. அப்படிக் கருதியிருந்தால் இருபத்தைந்து வயதிலேயே அவர் முதியவராகியிருப்பார். அவரோ கையெழுத்துப் படியைத் திறந்து முதற்பாட்டிலிருந்து தொடங்கினார். தாம் கற்ற கல்வி அந்நூலின் முன் போதவில்லை என்பதைக் கண்டார். நச்சினார்க்கினியர் உரை உதவிற்று. ஆனால் அவ்வுரையிலும் நூலிலும் வருகின்ற சமண சமயச் செய்திகள் அவருக்கு விளங்கவில்லை.

கும்பகோணத்தில் சமணர்கள் வாழ்கிறார்கள் என்று அறிந்து அவர்களைத் தேடிச் சென்றார். அவர் சென்று சேர்ந்த இல்லம் சந்திரநாத செட்டியாருடையது. வீட்டில் அன்று கோலமும் தோரணமுமாக விழாக்கோலம். காரணம் கேட்டபோது, சிந்தாமணி படனம் அன்று நிறைவேறியதை ஒட்டிய விழா என்று அறிந்தார். தமிழ்ப் புலவர்கள் பலர் பெயரளவில் மட்டும் அறிந்திருந்த ஒரு காப்பியம், ஒரு சமண இல்லத்தில் பக்தியோடு ஓதப்பட்டு வருகிறது! அந்த நேரத்தில் அவருக்கு உண்டான மகிழ்ச்சியை நாம் எளிதில் உணரலாம். அங்கு வந்திருந்த வீடூர் அப்பாசாமி நயினாரும் ஊரிலிருந்த பிற சமண அன்பர்களும் அவருடைய ஐயங்களுக்கு விடை கூறினார்கள். கல்லூரியில் பாடம் சொல்லும் ஆசிரியர், இல்லறத்தாராகிய அவர்களிடம் மாணாக்கராக அமர்ந்து பாடம் கேட்டார். அவருடைய ஆர்வத்தைக் கண்டவர்கள் அவரைப் பவ்விய ஜீவன் என்று மதித்தார்கள். அவரிடம் இலக்கண இலக்கியப் பயிற்சி இருந்தது. அவர்களிடம் சமய மரபு இருந்தது. இரண்டும் கூடியபோதுதான் சிந்தாமணி முழுமையாக விளங்கிற்று.

ஏழாண்டுகள் இவ்வாறு உழைத்து 1887இல் சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். பிற சமயத்து நூலுக்கு இவ்வளவு உழைப்பா என்று கேட்டவர்களும் இருந்தனர். அவற்றை அவர் பொருட்படுத்தவில்லை. தொடர்ந்து பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. மணிமேகலைக்காகப் பௌத்த சமயக் கருத்துகளை அறிய வேண்டியிருந்தபோது மளூர் ரங்காசாரியாரை அணுகிக் கேட்டுத் தெளிந்தார். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதில் அவருக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை.

ஏடுகளைத் தேடி அவர் மேற்கொண்ட பயணங்களும் குறிப்பிடத்தக்கவை. இரயில் வண்டி சென்ற இடம் வரை அதிலும், அதற்கப்பால் மாட்டு வண்டியிலும், சில வேளைகளில் கால்நடையாகவும் அவர் ஊர்களைச் சுற்றினார். புலவர் வழித்தோன்றல்களின் வீடுகளில் பரண்மேல் கிடந்த சுவடிகளைப் புழுதி தட்டிப் பார்த்தார். கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகள் தீயில் இடப்பட்டன என்று கேட்டு உளம் நொந்தார். ஓயாது நடந்து உழைத்த கால்களும், மங்கிய எழுத்தைக் கூர்ந்து நோக்கிப் பழகிய கண்களுமே அவருடைய உடற்பயிற்சி எனலாம். உடலைப் பேணுவதற்கென அவர் உழைக்கவில்லை. உயர்ந்த பணி ஒன்றைச் செய்வதற்காக உடலைப் பயன்படுத்தினார்.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெற்றார். 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டம் வந்தது. 1919இல் அறுபத்து நான்கு வயதில் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். பலருடைய வாழ்க்கை வரலாறு இந்த இடத்தோடு முடிந்துவிடும். நம் கட்டுரைக்கு வேண்டிய பகுதியோ இங்கேதான் தொடங்குகிறது.

1922இல், அறுபத்தேழு வயதில், சிந்தாமணியின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அச்சிட்ட நூலை மீண்டும் எடுத்து, புதிதாகக் கிடைத்த ஏடுகளோடும் புதிதாகத் தெரிந்த செய்திகளோடும் ஒப்பிட்டுத் திருத்தினார். வயது முதிர்ந்தோர்க்குத் தம் முந்தைய சொல்லை மாற்றிக்கொள்வது அரிது. நாம் சொன்னது சொன்னதுதான் என்ற பிடிவாதம் முதுமையின் முதல் அடையாளம். நரை அதற்குப் பின்னரே வருவது. ஐயர் தம் பிழையைத் தாமே தேடித் திருத்தினார். அதனால் அவருடைய உள்ளம் இறுகிப்போகவில்லை.

1924இல், அறுபத்தொன்பது வயதில், கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையைப் பதிப்பித்தார். இதுவும் நம் சமயத்தவர் இயற்றிய காப்பியமே. முதலும் முடிவும் இல்லாத ஏட்டை வைத்துக்கொண்டு உதயணன் கதையைத் தொடர்புபடுத்தி விளக்கும் அரிய பணி அது. அதே ஆண்டில் சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைமையை ஏற்று 1927 வரை நடத்தினார். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கிற்று. 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் தம் ஆசிரியரின் வரலாற்றை இரு பாகங்களாக எழுதி வெளியிட்டார். எண்பதை நெருங்கிய வயதிலும் மாணாக்கர் என்ற உணர்வே அவரிடம் மேலோங்கி நின்றது என்பதற்கு அந்நூல் சான்று.

1935இல் அவருடைய சதாபிஷேக விழா சென்னையில் சிறப்பாக நடைபெற்றது. இனி ஓய்வு கொள்ளலாம் என்று எவரும் எண்ணக்கூடிய வயது. ஆனால் 1937இல், எண்பத்திரண்டு வயதில், குறுந்தொகையைத் தாமே எழுதிய உரையோடு வெளியிட்டார். நானூறுக்கு மேற்பட்ட பாடல்களுக்குப் பதவுரையும் விளக்கமும் எழுதுவது இளைஞரையும் தளரச் செய்யும் வேலை. அவ்வாண்டு சென்னையில் நடந்த பாரதீய சாகித்திய பரிஷத்துக்கு வரவேற்புத் தலைவராகவும் இருந்தார். அவருடைய உரையைக் கேட்ட காந்தியடிகளுக்கும் அவரிடம் அமர்ந்து தமிழ் கற்க வேண்டும் என்ற ஆவல் எழுந்தது. மாணாக்கராகவே வாழ்ந்தவரைக் கண்டால் பிறருக்கும் மாணாக்கராகும் விருப்பம் பிறக்கிறது.

இன்னொரு புதுமையையும் கூற வேண்டும். பெரும்பாலும் பதிப்பும் ஆராய்ச்சியுமாக வாழ்ந்த அவர், எழுபது வயதைக் கடந்தபின் பத்திரிகை படிக்கும் பொதுமக்களுக்காக எளிய நடையில் கட்டுரைகளை எழுதத் தலைப்பட்டார். தாம் கண்ட புலவர்கள், இசைவாணர்கள், எளிய மனிதர்கள் ஆகியோரைப் பற்றிய இக்கட்டுரைகளைச் சிறுவரும் விரும்பிப் படித்தனர். கி. வா. ஜகந்நாதன் போன்ற இளைஞர்கள் உடனிருந்து உதவினர். முதியவர் இளையோரிடம் கல்வியை வழங்கினார்; இளையோர் முதியவரிடம் ஊக்கத்தை வளர்த்தனர்.

1940 ஜனவரியில், எண்பத்தைந்தாம் வயது நிறையும் தறுவாயில், ஆனந்த விகடனில் என் சரித்திரம் என்னும் தொடரைத் தொடங்கினார். எழுபது ஆண்டுகளுக்கு முன் கண்ட ஊர்களும் உண்ட உணவும் கேட்ட பாட்டும் அதில் நேற்று நடந்தவைபோல் விளங்குகின்றன. சந்திரநாத செட்டியார் இல்லத்துத் தோரணத்தையும் அவர் மறக்கவில்லை. நூற்றிருபதுக்கு மேற்பட்ட அத்தியாயங்கள் வந்தும் கதை பத்தொன்பதாம் நூற்றாண்டைத் தாண்டவில்லை. போர்க்காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்று தங்கியிருந்தபோது, 1942 ஏப்ரல் 28ஆம் நாள், எண்பத்தேழாம் வயதில் அவர் மறைந்தார். தொடர் முற்றுப்பெறவில்லை. கையில் பணி இருக்கும்போதே காலம் வந்து அழைத்தது.

திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த தியாகராச விலாசம் என்னும் இல்லம் 2012இல் இடிக்கப்பட்டது. உடலும் நிலைப்பதில்லை, வீடும் நிலைப்பதில்லை. அவர் தேடித் திரட்டிய ஏடுகளை, சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரால் விளங்கும் நூல்நிலையம் காத்து வருகிறது.

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். நம் ஆகமங்கள் அகத்தவங்கள் ஆறனுள் ஒன்றாகச் சுவாத்தியாயத்தைக் கூறுகின்றன. தத்துவார்த்த சூத்திரம் அதனை ஐந்தாக வகுக்கிறது: வாசித்தல், வினவுதல், சிந்தித்தல், திரும்ப ஓதுதல், அறம் உரைத்தல். சாமிநாதையர் நம் விரதங்களை ஏற்றவரல்லர். ஆயினும் இவ்வைந்தும் அவர் வாழ்வில் நிரம்பியிருந்ததைக் காண்கிறோம். ஏட்டை வாசித்தார், அறிந்தவரை வினவினார், இரவும் பகலும் சிந்தித்தார், அச்சிட்டதையே மீண்டும் மீண்டும் ஓதித் திருத்தினார், இறுதிவரை பிறர்க்கு உரைத்தார். இதனைத் தவம் என்று நம் முன்னோர் கூறியதன் பொருள் இப்போது விளங்குகிறது. உடம்பின் மூப்பை இத்தவம் தடுக்காது. அம்மூப்பு உள்ளத்தைப் பற்றாமல் காக்கும்.

நம் குடும்பங்களில் முதியோர் பலர் தம் காலம் முடிந்தது என்று ஒதுங்கி அமர்ந்திருக்கிறார்கள். இளையோர் பலர் வேலை நிமித்தம் வெளியூர்களில் வாழ்கிறார்கள். ஸ்ரீபுராணத்தைத் தெளிவாகப் படித்துப் பொருள் சொல்லக்கூடிய பாட்டனாரிடம், அருகில் அமர்ந்து கேட்கும் பேரப்பிள்ளை இல்லை. பேரப்பிள்ளைக்குத் தெரிந்த புதியவற்றைக் கேட்டறியப் பாட்டனாருக்கும் மனம் வருவதில்லை. இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டே முதுமையடைகிறார்கள். நாள்தோறும் அரைமணி நேரம், ஒரு பக்கம் படித்து, ஓர் ஐயம் கேட்டு, ஒரு விடை கூறும் வழக்கத்தை நம் இல்லங்களில் தொடங்கினால் இரு தலைமுறைக்கும் அது நன்மருந்தாகும்.

1880களில் ஒருவர் சிந்தாமணியின் பொருள் தேடி நம்மவர் இல்லத்து வாசலில் வந்து நின்றார். அன்று உள்ளே நூல் ஓதப்பட்டுக்கொண்டிருந்தது. விடை சொல்லப் பெரியோர் இருந்தனர். அதனால் தமிழுக்கு ஒரு பெருங்காப்பியம் மீண்டது. இன்று அவ்வாறு ஒருவர் நம் வாசலுக்கு வந்தால் விடை சொல்ல நம் இல்லத்தில் யார் இருக்கிறார்கள்? இதனை ஒவ்வொருவரும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக. விடை தெரியாதவர்கள் கவலற்க. தெரியாது என்று உணர்ந்து ஏட்டைத் திறக்கும் நாளே இளமை திரும்பும் நாள்.